ஓட்ஸ்: காலையில் காய்ச்சுவதா, ராத்திரியே ஊறவைப்பதா? வேலூர் வெயிலில் பால் சேராத காலை உணவு

பால், நெய், தேன் மூன்றையும் விட்டவர்கள் காலையில் ஓட்ஸ் பக்கம் வருவது சகஜம். வந்த ஒரு வாரத்தில் இரண்டில் ஒரு புகார் எழும். காய்ச்சுகிறவர் வீட்டில் "இது கஞ்சியா, போஸ்டர் ஒட்டுற பசையா?" என்பார்கள். ஊறவைக்கிறவர் வீட்டில் "புளிச்ச வாடை அடிக்குது" என்பார்கள். உடனே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறோம், அதுவும் பிடிக்காமல் இட்லிக்கே திரும்பிவிடுகிறோம்.

இரண்டுக்கும் ஒரே பாக்கெட், ஒரே தாவரப் பால் (தேங்காய்ப்பால், வேர்க்கடலைப் பால் போன்றது), ஒரே ஏலக்காய்ப் பொடி என்று போடுவதுதான் கோளாறு. காய்ச்சிய ஓட்ஸும் ஊறிய ஓட்ஸும் ஒரே பண்டத்தின் இரண்டு வடிவம் இல்லை. சோறும் அவலும் எவ்வளவு வேறோ, அவ்வளவு வேறு. ஒன்றுக்குச் சேரும் பால் மற்றொன்றைக் கெடுக்கும்.

## எதைப் பார்த்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது பிரிட்ஜ். மே மாதத்தில் பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ராத்திரியிலும் வீட்டுக்குள் 30 டிகிரி நிற்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிடக்கும் ஈரமான உணவில் கிருமி பெருகும். குளிர் நாட்டுச் செய்முறையைப் படித்துவிட்டு டப்பாவைச் சமையல் மேடையில் வைத்தால் விடிவதற்குள் அது கெட்டிருக்கும்.

அடுத்தது, சாப்பிடும் நேரமும் இடமும். அடுப்பிலிருந்து இறக்கியதும் தட்டில் போட்டுச் சாப்பிடுகிறீர்களா, காட்பாடியில் ரயில் ஏறிய பிறகு டப்பாவைத் திறக்கிறீர்களா, ராணிப்பேட்டை சிப்காட்டில் முதல் ஷிப்ட் இடைவேளையில் திறக்கிறீர்களா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

மூன்றாவது, உப்பா இனிப்பா. காலையில் இனிப்பு இறங்காதவர்கள் நம் பக்கத்தில் அதிகம். அவர்களுக்குப் பாதி முடிவு இங்கேயே ஆகிவிடும், ஏனென்றால் தாளிப்பு வாசனை குளிரில் எழாது.

செலவைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். ஓட்ஸின் விலை இரண்டு முறையிலும் ஒன்றே. வித்தியாசம் பாலிலும் நேரத்திலும் ஒளிந்திருக்கிறது.

## எந்த பாக்கெட்

மளிகைக் கடையில் கண்ணில் படுவது பெரும்பாலும் சீக்கிரம் வேகும் மெல்லிய செதில். ராத்திரி ஊறவைத்தால் இது கூழாகிவிடும், காய்ச்சவே லாயக்கு. ஊறவைக்க ரோல்டு ஓட்ஸ் என்று போட்ட, கொஞ்சம் தடித்த, முழுச் செதில் வேண்டும். ஸ்டீல் கட் என்பது நறுக்கிய தானியம், பார்க்க நொய் மாதிரி இருக்கும். அது வேக 25 முதல் 30 நிமிடம் ஆகும், ஊறவைத்தால் பல்லில் கடிபடும்.

பழச் சுவை, மசாலாச் சுவை என்று வரும் பாக்கெட்டுகளில் பால்பொடியோ தேனோ இருக்கிறதா என்று பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். சர்க்கரை வியாதிக்காக ஓட்ஸுக்கு மாறுகிறவர்கள் இன்ஸ்டன்ட் வகையைத் தொடாமல் இருப்பது நல்லது. செதில் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு வேகமாகச் சர்க்கரை ஏறும்.

"அடுப்பில் வைக்காமல் பச்சையாகச் சாப்பிடலாமா?" என்று தயங்குகிறவர்களுக்கு: ஓட்ஸில் கொழுப்பு அதிகம், அப்படியே விட்டால் சிக்கு வாடை வந்துவிடும். அதைத் தடுக்க மில்லிலேயே ஆவியில் சூடாக்கி விடுகிறார்கள். அவல் மாதிரிதான், ஊறினால் போதும்.

## பால்தான் விஷயம்

கடையில் பெட்டியில் வரும் பாதாம் பால், ஓட்ஸ் பால் எல்லாம் ஆவின் பாலைவிடப் பல மடங்கு விலை. அதில் தண்ணீர்தான் பெரும்பகுதி. தினமும் அதை ஊற்றிக் கட்டுப்படியாகாது, கட்டுப்படியானாலும் ருசியில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. நம்மிடம் தேங்காயும் வேர்க்கடலையும் இருக்கும்போது அது வேண்டியதும் இல்லை.

தேங்காய்ப்பால் சூட்டுக்கு உரியது. அதன் கொழுப்பு சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ராத்திரி தேங்காய்ப்பாலில் ஊறவைத்த டப்பாவைக் காலையில் பிரிட்ஜிலிருந்து எடுத்துப் பாருங்கள். மேலே மெழுகு மாதிரி வெள்ளைத் திட்டு நிற்கும். கரண்டியால் கலக்கினால் திட்டு உடைந்து துணுக்குத் துணுக்காகும், கரையாது. வாயில் போட்டால் அண்ணத்தில் ஒட்டும், இனிப்பு நாக்கில் ஏறாது. ஊறவைத்த ஓட்ஸ் நன்றாக இல்லை என்று கைவிட்டவர்களில் பலர் உண்மையில் இந்தத் திட்டைத்தான் கைவிட்டிருக்கிறார்கள்.

குளிருக்கு உரியது வேர்க்கடலைப் பால். கடலை எண்ணெய் பிரிட்ஜ் குளிரில் தேங்காய் எண்ணெய் மாதிரி கட்டியாகாது, அதனால் பால் வழவழப்பாகவே இருக்கும். வடாற்காடு மல்லாட்டை விளையும் சீமை, நேதாஜி மார்க்கெட்டில் ஓடு உரித்த கடலைக்குப் பஞ்சமில்லை. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் கண்டிப்பாகப் பொறுக்கி எறியுங்கள். பூசணம் பிடித்த கடலையில் இருக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு ஈரலைப் பாதிக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருந்தால் இந்தப் பாலே வேண்டாம்.

வேர்க்கடலைப் பால் எடுக்க இரண்டு வழி உண்டு.

பச்சைக் கடலை 100 கிராமை 8 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, கசக்கித் தோல் நீக்குங்கள். 400 மில்லி தண்ணீர் விட்டு நைசாக அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, கிளறிக்கொண்டே 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். கிளறுவதை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். கொதி குறைந்தால் பச்சை வாடை தங்கும். பிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், நின்றால் பிரியும், குலுக்கி ஊற்றவேண்டியதுதான். சக்கையை அடை மாவில் போடலாம்.

குறுக்கு வழி: வறுத்துத் தோல் நீக்கிய கடலை 20 கிராமை முதலில் தூளாக்கி, பிறகு ஆறிய கொதிநீர் 120 மில்லி விட்டு மிக்ஸியில் ஒரு நிமிடம் ஓட்டினால் ஒரு ஆளுக்கான பால் தயார். வறுத்த கடலை என்பதால் கொதிக்க வைக்கும் வேலை இல்லை. ருசியும் இதில்தான் கூடுதல்.

## காய்ச்சிய ஓட்ஸ்

ஒரு ஆளுக்கு 40 கிராம், அதாவது 240 மில்லி கப்பில் அரை கப். வெறும் வாணலியில் சிறு தீயில் 3 முதல் 4 நிமிடம் வறுங்கள். நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். கடலை வறுபடுகிற மாதிரி ஒரு வாசனை வந்ததும் இறக்கிவிடலாம். பசைத்தன்மை பாதி இங்கேயே குறைந்துவிடும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு ஏலக்காய் எவ்வளவு போட்டாலும் காகித வாசனை போகாது.

இனிப்பாக. 250 மில்லி தண்ணீர், இரண்டு சிட்டிகை உப்பு. தண்ணீர் கொதித்த பிறகு ஓட்ஸைப் போட்டால் செதில் தனித்தனியாக நிற்கும். பச்சைத் தண்ணீரிலேயே போட்டுக் கிளறினால் பாயசம் மாதிரி கூழாக வரும். தடித்த செதிலுக்கு 5 முதல் 6 நிமிடம், மெல்லியதற்கு 2 முதல் 3 நிமிடம். வெந்த பிறகே 15 முதல் 20 கிராம் வெல்லத்தைப் பாகாக ஊற்றுங்கள். முன்னதாகப் போட்டால் இனிப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டு ஓட்ஸை வேகவிடாது. மண்டி வெல்லத்தில் மண் இருக்கும், கரைத்து வடிகட்டாமல் போடாதீர்கள். அடுப்பை அணைத்த பிறகு 60 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், சுக்கு, ஏலக்காய். தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும்.

உப்பாக. ஓட்ஸுக்கு உண்மையான ருசி இங்கேதான் வருகிறது என்பது எங்கள் தீர்ப்பு. மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் எண்ணெயில் பொரிந்தால்தான் வாசனை விடும். அந்த வேலையைச் சூடு மட்டுமே செய்யும்.

பொங்கல் பாணியில் செய்ய, இருவருக்கு: பாசிப்பருப்பு 40 கிராமை வறுத்து, 200 மில்லி தண்ணீரில் குக்கரில் மூன்று விசில் விடுங்கள். வறுத்த ஓட்ஸ் 80 கிராம், இன்னும் 350 மில்லி சுடுதண்ணீர், உப்பு சேர்த்துத் திறந்தபடி 5 நிமிடம் வேகவையுங்கள். நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டியில் ஒன்றிரண்டாக இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, இஞ்சி, கறிவேப்பிலை, முந்திரி தாளித்துக் கொட்டுங்கள். நெய் இல்லாத குறை தெரியக்கூடாது என்றால் தாளிப்பில் கால் பங்கு தேங்காய் எண்ணெயாக இருக்கட்டும். தொட்டுக்கொள்ள கத்திரிக்காய் கொத்சு. புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக்கத்திரி கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு வேறு கத்திரிக்காயைத் தேட வேண்டாம்.

கெடுவது எங்கே? நேரத்தில். ஓட்ஸ் இறக்கிய பிறகும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் கெட்டி, ஒரு மணி நேரத்தில் களி. டப்பாவில் கட்டி எடுத்துப்போனால் கரண்டியை நட்டுவைக்கலாம். தண்ணீரை அதிகமாக ஊற்றி இதைச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், உப்பும் வாசனையும் நீர்த்துப்போகும். வீட்டில் ஒருவர் ஆறு மணிக்கும் இன்னொருவர் எட்டரைக்கும் சாப்பிட்டால் இரண்டு முறை காய்ச்சவேண்டியதுதான். இதன் மறைமுகச் செலவு அந்த இரண்டாவது முறையும், பாத்திரம் கழுவுவதும். சாப்பிட்ட கையோடு சட்டியில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் சாயந்திரம் கம்பி நார் தேயும். பொங்கி வழிவதற்கும் இடம் விட்டு, அளவைவிட இரு மடங்கு பெரிய சட்டி எடுங்கள்.

பிரிட்ஜ் இல்லாத வீடு, உப்பு விரும்பிகள், பல் இல்லாத பெரியவர்கள், மார்கழிக் குளிரில் சூடாகக் கேட்பவர்கள் எல்லோருக்கும் இதுதான். நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வீட்டுக்கும் இதுவே சுலபம்.

## ஊறவைத்த ஓட்ஸ்

ரோல்டு ஓட்ஸ் 40 கிராம், வேர்க்கடலைப் பால் 120 மில்லி, வெல்லப்பாகு ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி ஒரு தாராளமான சிட்டிகை, உப்பு இரண்டு சிட்டிகை. கலக்கி, மூடி, உடனே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். "கொஞ்சம் ஊறட்டும், அப்புறம் வைக்கலாம்" என்று வெளியில் விடக்கூடாது. குறைந்தது 6 மணி நேரம். காலையில் இன்னும் இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டுத் தளர்த்தி, பழம் போட்டுச் சாப்பிடலாம்.

உப்பை விட்டுவிடாதீர்கள். குளிர்ந்த பண்டத்தில் இனிப்பும் வாசனையும் மட்டுப்பட்டுத் தெரியும். ராத்திரி கலக்கும்போது நாக்கில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், அப்போதுதான் காலையில் சரியாக இருக்கும். இனிப்பை ஏற்ற மனமில்லை என்றால் காலையில் நாலு சொட்டு எலுமிச்சை விடுங்கள், அதே இனிப்பு எடுப்பாகத் தெரியும். ஏலக்காயும் சுக்கும் ராத்திரி முழுக்க ஊறி நன்றாக இறங்கும். பட்டைப்பொடியை மட்டும் ராத்திரி போட வேண்டாம், கொழகொழப்பு ஏறும்.

பழத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மாம்பழம் ராத்திரியே போடலாம், சாறு ஓட்ஸில் இறங்கும். குடியாத்தம் பக்கத்து மாம்பழம் வரும் சித்திரை, வைகாசியில் இதற்கு இணை இல்லை. வாழைப்பழம் கறுக்கும், காலையில்தான். பப்பாளியும் அன்னாசியும் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பு ஏற்றும், அவையும் காலையில்தான். உலர்திராட்சை, பேரீச்சை ராத்திரி. முந்திரி, வறுத்த கடலை போன்ற மொறுமொறுப்பு எல்லாம் சாப்பிடும் நிமிடத்தில். சியா விதை போட்டே ஆகவேண்டும் என்பதில்லை. சப்ஜா விதை ஒரு தேக்கரண்டியைத் தனியாகப் பத்து நிமிடம் ஊறவைத்துக் காலையில் சேர்த்தால் அதே வழவழப்பு கிடைக்கும், செலவும் குறையும்.

உப்பு ருசியில் ஊறவைக்க ஒரே ஒரு வழிதான் உருப்படுகிறது, அது தயிர்சாதம் பாணி. கொதித்து வெதுவெதுப்பாக ஆறிய வேர்க்கடலைப் பாலில் காம்போடு கூடிய பச்சைமிளகாய்த் தலை ஐந்தாறு போட்டு 8 முதல் 10 மணி நேரம் வைத்தால் உறையும். முதல் முறை தளதளவென்று வராது, அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உறையூற்றும் இரண்டாவது தயிர்தான் உபயோகம். அந்தத் தயிரில் ஓட்ஸை ஊறவைத்து, காலையில் கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, மாங்காய்த் துருவல் சேர்த்தால் கோடைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அடுப்பைப் பற்றவைத்தாகிவிட்டதே என்று கேட்டால், ஆமாம்.

மறைமுகச் செலவு இங்கே பெரியது. "ராத்திரி ஐந்து நிமிடம், கேஸே வேண்டாம்" என்பது பெட்டிப் பால் வாங்குகிறவருக்குத்தான் பொருந்தும். வீட்டில் பச்சைக் கடலைப் பால் எடுத்தால், காலையில் ஊறப்போட்டு, ராத்திரி அரைத்துப் பிழிந்து, பத்து நிமிடம் கொதிக்க வைக்கிறீர்கள். ஓட்ஸைக் காய்ச்ச ஆகும் கேஸைவிட அது அதிகம். இரண்டு நாளைக்குச் சேர்த்து எடுத்தால், அல்லது வறுத்த கடலைக் குறுக்கு வழிக்குப் போனால்தான் இந்த முறை லாபம்.

இன்னொன்று கரண்டு. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க நிறுத்தும் நாளில், மறுநாளைக்கும் சேர்த்துச் செய்த டப்பா உள்ளே இருந்தால் யோசியுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் பிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர் காக்கும். அதற்கு மேல் போனால், மூடியைத் திறக்கும்போது "டப்" என்று காற்று வந்தாலும் வராவிட்டாலும், கொட்டிவிடுங்கள்.

விடுதியில் பிரிட்ஜ் வசதி உள்ள மாணவர்கள், விடியற்காலை டூட்டிக்குப் போகும் நர்ஸுகள், தனியாக இருப்பவர்கள், சித்திரை வெயிலில் அடுப்படியில் நிற்க மனமில்லாதவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். டப்பாவோடு கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வெயில் கொளுத்தும் மாதங்களில் ஒரு மணி நேரமே அதிகம்.

## பக்கத்தில் பக்கமாக

| | காய்ச்சியது | ஊறவைத்தது |
|---|---|---|
| பாக்கெட் | எதுவும் சரி | ரோல்டு மட்டும் |
| 40 கிராமுக்கு நீர் அளவு | 250 மில்லி தண்ணீர் + 60 மில்லி தேங்காய்ப்பால் | 120 மில்லி வேர்க்கடலைப் பால், காலையில் இன்னும் கொஞ்சம் |
| காலையில் வேலை | 12 முதல் 15 நிமிடம், ஸ்டீல் கட் என்றால் இன்னும் கூடும் | 2 நிமிடம் |
| முந்தின நாள் வேலை | இல்லை | 5 நிமிடம், பால் எடுத்தால் அரை மணிக்கு மேல் |
| பிரிட்ஜ் | வேண்டாம் | இல்லாமல் முடியாது |
| ருசி வரும் வழி | வறுப்பு, தாளிப்பு | கடலை, பழம், ஏலக்காய் |
| எடுத்துப்போக | களியாகும் | ஆகும், சீக்கிரம் சாப்பிட்டால் |

சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓட்ஸின் பெயரைக் காப்பாற்றும் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து 40 கிராமில் ஏறக்குறைய ஒன்றரை கிராம்தான் இருக்கும். கொலஸ்ட்ரால் குறைய ஒரு நாளைக்கு 3 கிராம் வேண்டும் என்கிறார்கள். எந்த முறையில் செய்தாலும் ஒரு கிண்ணம் அதில் பாதி.

## பிரிட்ஜும் இல்லை, காலையில் நேரமும் இல்லை

இவர்களுக்கு அகல வாய் ஃப்ளாஸ்க் இருந்தால் போதும். முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் ஃப்ளாஸ்க்கைச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். வறுத்த ஸ்டீல் கட் ஓட்ஸ் 40 கிராம், உப்பு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் 200 மில்லி போட்டு இறுக மூடுங்கள். ராத்திரி பத்துக்கு ஊற்றியதை ஆறு மணிக்குத் திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் அந்த ஃப்ளாஸ்க் இந்த வேலைக்கு ஆகாது, உள்ளே இருப்பதையும் சாப்பிடாதீர்கள். பாலும் வெல்லமும் காலையில்தான்.

அதுவும் தோதுப்படவில்லை என்றால் ஓட்ஸைப் பிடித்துத் தொங்கவேண்டியதில்லை. ராத்திரி முழுக்க வெளியில் வைத்து, காலையில் அடுப்பைத் தொடாமல் குடிக்கும் உணவு இந்தச் சீமையில் ஏற்கெனவே உண்டு. ஓட்ஸை எது கெடுக்கிறதோ அந்தச் சூடுதான் கூழைப் பக்குவப்படுத்துகிறது. கேழ்வரகு மாவைக் கரைத்து ஒரு நாள் புளிக்கவிட்டு, நொய்யோடு களியாகக் கிண்டி, உருட்டித் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். காலையில் கரைத்துக் குடிப்பது. புரதத்தில் ஓட்ஸ் மேல், சுண்ணாம்புச் சத்தில் கேழ்வரகு பக்கத்தில் ஓட்ஸ் நிற்க முடியாது: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். மோர் ஊற்றாமல் குடிக்க, உருண்டை ஊறிய அந்தப் புளித்த தண்ணீரையே விட்டுக் கரைத்து, உப்பு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், துருவிய மாங்காய் சேர்த்துக்கொள்ளுங்கள். கடித்துக்கொள்ள மோர்மிளகாய் வேண்டாம், அதில் தயிர் இருக்கும். உப்பில் மட்டும் ஊறிக் காய்ந்த மிளகாயைப் பொரித்துக்கொள்ளலாம்.